வியப்பு வேறு, விஞ்ஞானம் வேறு

தமிழிலே விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று மகிழ்வோர் தொகை இன்று பெருகியுள்ளது. இணையத்தில் நாள்தோறும் வந்து குவியும் விஞ்ஞான, தொழில்நுட்பச் செய்திகளையே அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஒக்டோபசுக்கு மூன்று இதயங்கள் உண்டு. வெள்ளிக் கிரகத்தில் ஒரு சுழற்சி அதன் ஓராண்டிலும் நீண்டது. எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் மனிதனைப் போலப் பேசும் இயந்திரம் ஒன்று செய்யப்பட்டுள்ளது. இத்தகைய செய்தி காலையில் ஒருவர் கைத்தொலைபேசிக்கு வந்து, நண்பகலுக்குள் நூறு பேரைச் சென்றடைந்து, மாலையில் மறக்கப்படுகிறது. முன்னொரு காலத்தில் வார இதழ்களின் பக்க அடியிலே இடம் நிரப்பக் கிடந்த துணுக்கு, இன்று பக்கம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. பல்கலைக்கழக மாணவர் வெளியிடும் மலர்களும் இதற்கு விலக்காக இல்லை. ஆழ்ந்த கட்டுரைக்கு ஆள் கிடைக்காதபோது "விஞ்ஞான விந்தைகள்" என்னும் தலைப்பு கைகொடுக்கிறது.

இச்செய்திகளெல்லாம் பொய் என்று கூறுவது நம் நோக்கமன்று. பொய்ச் செய்தியை மறுப்பது எளிது. அதனைச் செய்வோரும் பலர் உளர். நாம் இங்கு வழக்காட எடுத்துக்கொள்வது மெய்ச் செய்திகளைப் பற்றியே. மெய்யானதொரு செய்தி எவ்வாறு மெய்யென அறியப்பட்டது என்ற கேள்வி எழாமலே அதனை விழுங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அப்பழக்கம் விஞ்ஞானத்தை வளர்ப்பதில்லை. விஞ்ஞானத்தை வேடிக்கை பார்க்கும் ஒரு கூட்டத்தையே வளர்க்கிறது. பார்வையாளராக இருப்பதிலே இன்பங்காணும் சமூகம், தன் காலடியிற் கிடப்பதைக் கூடப் பிறர் வந்து சொல்லக் கேட்டே அறியும். இதுவே நம் குற்றச்சாட்டு. இதனை மெய்ப்பிக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திரியாய் என்னும் ஊரும் அதனை அடுத்த கரையுமே போதும்.

திரியாய்ப் பக்கத்துக் கருமணல்

குச்சவெளிப் பிரதேசத்தைச் சேர்ந்த திரியாய், வயலும் குளமும் கடலும் ஒருங்கே அமைந்த ஊர். அங்கிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் புல்மோட்டை வரும். அப்பகுதிக் கடற்கரையின் மணல் பல இடங்களிற் கருநிறமாயிருக்கும். அம்மணலை ஒரு பிடி அள்ளிப் பார்ப்பவன், சாதாரண மணலினும் அது கனமாயிருப்பதை உடனே உணர்வான். புல்மோட்டைப் படிவில் ஏறத்தாழ 70 விழுக்காடு இல்மனைற் என்னும் கனியமாகும். அதனோடு உரூற்றைல், சிர்க்கன், சிறிதளவு மொனசைற் முதலியனவும் கலந்துள்ளன. இல்மனைற்றும் உரூற்றைலும் தைத்தேனியம் என்னும் மூலகத்தைத் தருவன. சிர்க்கனில் சிர்க்கோனியம் உண்டு. மொனசைற்றில் தோரியமும் அருமண் மூலகங்களும் உண்டு.

இக்கனியங்களை அங்கு கொண்டுவந்து சேர்த்தது யார்? உள்நாட்டின் பழம்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆறுகளால் அரித்துச் செல்லப்பட்டுக் கடலையடைந்தன. பின்னர் அலையும் நீரோட்டமும் அவற்றைத் தரம் பிரித்தன. சாதாரண மணலான படிகக்கல்லின் அடர்த்தி நீரைப்போல 2.65 மடங்கு, இல்மனைற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4.7 மடங்கு, சிர்க்கனும் அதனை ஒத்ததே, மொனசைற் 5 மடங்களவில் நிற்கும். கரையேறும் அலை எல்லா மணலையும் மேலே கொணர்கிறது. வலியிழந்து திரும்பும் நீரோ இலேசானவற்றை மட்டும் உடன்கொண்டு செல்கிறது. கனமானவை கரையிலே தங்கிவிடுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலத்தில் இத்தொழில் மும்முரமாக நடைபெறும். முற்றத்திலே சுளகு கொண்டு நெல்லையும் பதரையும் பிரிக்கும் நம் தாய்மார் செய்வதும், ஏறத்தாழ இத்தத்துவத்தைக் கொண்டதே.

கடல் தொடங்கியதைத் தொழிற்சாலை தொடர்கிறது. 1957 ஆம் ஆண்டில் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இன்று வேறு பெயருடன் அரச நிறுவனமாகவே அத்தொழில் நடைபெறுகிறது. நீரோடு சேர்த்துச் சுருளிகளிற் பாய்ச்சும்போது இலேசான மணல் கழிகிறது. வலிய காந்தங்களின் ஊடே செல்லும்போது இல்மனைற் ஈர்க்கப்பட்டுத் தனியாகிறது. எஞ்சும் உரூற்றைலையும் சிர்க்கனையும் காந்தத்தாற் பிரிக்க இயலாது. நிறையாற் பிரிப்பதும் அரிது. ஆனால் உரூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்க்கன் கடத்தாது. சூடான உலர்ந்த மணலுக்கு மின்னேற்றம் கொடுத்துச் சுழலும் உருளைமீது விழச்செய்தால், உரூற்றைல் தன் ஏற்றத்தை உருளைக்கு இழந்து எறியப்படுகிறது. சிர்க்கன் ஏற்றத்தை விடாது உருளையை ஒட்டிக்கொண்டு போகிறது. அடர்த்தி, காந்தவியல்பு, மின்கடத்துதிறன் ஆகிய மூன்றையும் உயர்தர வகுப்பு மாணவன் மூன்று தனித்தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்கிறான். அம்மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒரே மணலின்மீது தொழிற்படும் இடம் அவன் ஊருக்கு அடுத்தே இருக்கிறது.

இத்துணை இருந்தும், செவ்வாய்க் கிரகத்து மண்ணின் நிறத்தைப் பற்றி நூறு துணுக்குகளைப் பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் புல்மோட்டை மண்ணின் நிறத்துக்குக் காரணம் கேட்டிருப்போம்? கருமணலிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உலகிலுள்ள மிக வெண்மையான நிறப்பொருள்களுள் ஒன்று. வீட்டுச் சுவரின் வெண்பூச்சிலும், தாளிலும், பற்பசையிலும், மாத்திரையின் மேற்பூச்சிலும் அது இருக்கிறது. கரிய மணலிலிருந்து வெண்மை பிறக்கும் இச்செய்தியை விட வியப்பானது எது? ஆயினும் அது நம் துணுக்குத் தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. அயலூரிலிருப்பது விந்தையாகாது என்பது துணுக்கு எழுதுவோரின் எழுதப்படாத விதி போலும்.

மனக்கன் என்னும் சிற்றூர்

ஆய்வுகூடம் இல்லாத நாட்டில், ஆய்வுக்குப் பணம் இல்லாத பல்கலைக்கழகத்தில், வியப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பாருளர். அவர்களுக்கு விடை கூறும் வரலாறு இதே இல்மனைற்றின் வரலாறேயாகும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ண்வாலில் மனக்கன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள ஓர் ஓடையிலே கருமணல் கிடந்தது. வில்லியம் கிரெகர் என்னும் கிராமத்துப் பாதிரியார் 1791 இல் அதனை எடுத்து ஆராய்ந்தார். அது காந்தத்தால் ஈர்க்கப்பட்டது. ஆகவே இரும்பு உண்டு எனக் கண்டார். அமிலங்களைக் கொண்டு இரும்பை நீக்கிய பின்னரும் அவர் அறிந்த எப்பொருளோடும் பொருந்தாத வெண்ணிறமான ஒன்று எஞ்சியது. புதியதொரு மூலகத்தின் ஒட்சைட்டு அதில் இருப்பதாக அவர் முடிவு செய்து, அவ்வூர்ப் பெயராலேயே அக்கனியத்தைக் குறித்தார். 1795 இல் செருமானிய இரசாயனர் கிளாப்ரொத் உரூற்றைலில் அதே மூலகத்தைத் தனியாகக் கண்டு, அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார். கிரெகர் முந்தியவர் என்பதும் ஏற்கப்பட்டது. கிரெகர் ஆராய்ந்த மணலின் முதன்மைக் கனியமே பின்னர் இல்மனைற் எனப் பெயர்பெற்றது.

அப்பாதிரியாரிடம் இருந்தவை காந்தம், தராசு, சில அமிலங்கள், பொறுமை ஆகியவை. எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவருக்குத் துணைநின்றதில்லை. அவர் கைவசம் இருந்த கருவிகள் இன்று நம் உயர்தரப் பாடசாலைகள் பலவற்றிலும் உண்டு. மனக்கனுக்கும் திரியாய்க் கரைக்கும் இடையேயுள்ள வேறுபாடு மணலில் இல்லை. மணலைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வியிலே உள்ளது.

நம் கல், பிறர் கேள்வி

இது தற்செயலான ஒரு நிகழ்ச்சி என்று தள்ளிவிடுவதற்கில்லை. இலங்கையின் கற்கள் உலக விஞ்ஞானத்திற் பெற்ற இடத்தை நோக்கினால் ஒரே கதை மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம்.

துர்மலின் என்னும் மணிக்கல்லின் பெயரே இலங்கை வழக்கிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த வணிகர் அதனை இலங்கையிலிருந்து கொண்டுசென்றனர். சூடாக்கியபோது அக்கல் சாம்பலை இழுப்பதும் பின்னர் எறிவதும் கண்டு, அதற்குச் சாம்பல் இழுப்பி என்று பெயரிட்டு விளையாடினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1756 இல் பெர்லின் நகரில் ஈபினஸ் என்னும் அறிஞர், சூடேறும்போது அக்கல்லின் இரு முனைகளும் எதிரெதிரான மின்னேற்றம் பெறுகின்றன எனக் காட்டினார். 1880 இல் கியூரி சகோதரர் இருவரும் துர்மலின், படிகக்கல் முதலிய பளிங்குகளை அழுத்தும்போதும் மின் தோன்றுவதைக் கண்டனர். இன்று நாம் மணி பார்க்கும் கடிகாரத்தினுள்ளே படிகக்கல் அதிர்ந்து நேரம் காட்டுவது அக்கண்டுபிடிப்பின் பயனாகும்.

சிர்க்கோனியத்தின் கதையும் இத்தகையதே. 1789 இல் அதே கிளாப்ரொத் இலங்கையிலிருந்து வந்த சிர்க்கன் கல்லைப் பகுத்தாராய்ந்தே அம்மூலகத்தின் இருப்பை வெளிப்படுத்தினார். 1904 இல் தோரியனைற் என்னும் புதிய கனியம் இலங்கையிலிருந்து இனங்காணப்பட்டது. அதனை வைத்து 1905 இல் இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒற்றோ ஹான் என்னும் இளைஞர் கதிர்த்தொழிற்பாடுடைய புதிய பொருளொன்றைக் கண்டார். அவரே 1938 இல் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவருள் ஒருவர். கடலுக்கு அப்பால் தென் திருவிதாங்கூரிலும் இதுவே நடந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான தும்புப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலிலே மொனசைற் இருப்பதை 1909 இல் சோம்பேர்க் என்னும் செருமானியர் கண்டார். மணவாளக்குறிச்சியின் கனிய மணற்றொழில் அவ்வாறு தோன்றியது. நம்மவர் கயிறு திரித்தனர். கயிற்றில் ஒட்டிய மணலை மற்றவர் ஆராய்ந்தனர்.

இதற்கெல்லாம் அந்நிய ஆட்சியே காரணம் என்பர். அதில் உண்மை பெரிதும் உண்டு. கேள்வி கேட்கும் உரிமையும் வசதியும் ஆண்டவர் கையிலேயே இருந்தன. எனினும் அக்காலத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்ததை மறக்கலாகாது. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவியல் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தார். 1903 இல் செரண்டிபைற் என்னும் புதிய கனியத்தை ஜீ. ரி. பிரயர் என்பவருடன் சேர்ந்து உலகுக்கு விவரித்தார். தோரியனைற் இனங்காணப்பட்டதும் அவர் பதவிக் காலத்திலேயே. நம் தமிழ்ச் சங்கங்கள் அவரைச் சிவ நடனத்துக்குப் பொருள் கூறியவராகப் போற்றுகின்றன. மலையேறிக் கல்லுடைத்துப் பகுத்தாராய்ந்த கனியவியலாளரான குமாரசுவாமியை எந்த விழாவில் நினைவுகூர்ந்தோம்? அடிமைக் காலத்தில் ஒருவரால் இயன்றதைச் சுதந்திரம் பெற்ற பின்னர் பலராற் செய்ய இயலாமற் போனதற்கு அந்நியரைச் சாட்டுவது எங்ஙனம் பொருந்தும்? புல்மோட்டையின் இல்மனைற்றிற் பெரும்பகுதி இன்றளவும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. கேரளத்திலோ 1946 இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை அதே வகை மணலிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டை உண்டாக்குகிறது. அத்தொழிலின் அமிலக் கழிவு அங்குள்ள கடலுக்கு ஊறு செய்ததும் உண்மையே. நமக்கு அத்தகைய தொழிற்சாலை வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வதற்கே அறிவு வேண்டும். துணுக்கு அந்த அறிவைத் தராது.

"விஞ்ஞானிகள்" என்னும் பெயரில்லாத எழுவாய்

தமிழ்ச் சங்கத்து இதழ் ஆதலின் மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். துணுக்கின் வாக்கிய அமைப்பை நோக்குக. "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று அது தொடங்கும். "உலகமே வியந்து நிற்கிறது" என்று முடியும். யார் கண்டார், எந்த ஆண்டில், எக்கருவி கொண்டு, எத்தனை முறை அளந்து, எவர் மறுத்தனர் என்பனவெல்லாம் நீங்கிவிடுகின்றன. முன்பு பெரியோர் கூறினர் என்று நம்பியதற்கும் இன்று விஞ்ஞானிகள் கூறினர் என்று நம்புவதற்கும் நம்பும் முறையில் வேறுபாடு உண்டா?

தமிழ் மரபு இதனை அறியாததன்று. அறிவு எவ்வழியாற் பெறப்படும் என்பதை அளவை என்னும் பெயரால் நம் முன்னோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். காண்டல், கருதல், உரை என அவற்றை வகுத்தனர். சிவஞான சித்தியார் அளவையிலிருந்தே தொடங்குகிறது. மணிமேகலையிலோ பல சமயத்தவரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்க, அளவைவாதி அளவைகள் பத்தினை எண்ணிக் கூறுகிறான். மணிமேகலை அனைவரையும் கேட்கிறாள். கேட்டவுடனே எவரிடமும் மயங்கிவிடுவதில்லை. அவளுக்கு இருந்த நிதானம் இன்று கைத்தொலைபேசி ஏந்திய நமக்கு இருக்கிறதா? துணுக்கு உரையளவை ஒன்றை மட்டுமே தருகிறது. காண்டலுக்கும் கருதலுக்கும் அதில் வழியில்லை.

இன்னொரு வகைத் துணுக்கும் உண்டு. அது நம் பெருமையைப் பேசுவதால் இன்னும் இனிக்கும். மேல்நாட்டார் கண்டதெல்லாம் பழந்தமிழர் முன்னரே அறிந்தவை என ஒரு செய்யுளடியைக் காட்டிச் சொல்வது அது. கீழடியில் 2019 ஆம் ஆண்டின் அறிக்கை ஒரு காலத்தைக் கூறிற்று என்றால், அது அகழ்ந்தெடுத்த கரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காபன் அளவை செய்து பெற்ற முடிவு. அதனை மறுப்பவனும் அளவையாலேயே மறுக்க வேண்டும். செய்யுளடியை வெட்டி ஒட்டிப் பெறும் பெருமைக்கு அத்தகைய நிலைக்களம் யாதுமில்லை. உண்மையான பெருமைக்கு இதனைவிடப் பெரிய பகை பிறிதில்லை.

திரியாயிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள குன்றில் பழம் பௌத்தத் தூபி ஒன்றின் சிதைவுகளும் பாறைக் கல்வெட்டொன்றும் உள. அக்கல்வெட்டின் மொழி வடமொழி. எழுத்து தென்னிந்தியக் கிரந்தம். காலம் ஏறத்தாழ 7, 8 ஆம் நூற்றாண்டு. அது பேசுவது கடல் கடந்து வாணிகம் செய்த வணிகரையும் அவர்கள் தொடர்புற்ற சைத்தியத்தையும். இன்று நாம் ஒட்டும் எந்த ஒற்றைப் பெயர்ச்சீட்டும் அதற்கு முற்றாகப் பொருந்தாது. ஆயினும் அவ்விடம் எமது என்றும் எமதே என்றும் இணையத்திற் போர் புரிவோர் இரு பக்கத்திலும் உளர். அவர்களுள் கல்வெட்டின் வாசகத்தைப் படித்தவர் எத்தனை பேர்? நிலமும் வழிபாடும் வாழ்வும் தொடர்பான வழக்கொன்றில் துணுக்கை ஆயுதமாகக் கொள்வது எத்துணை ஆபத்தானது என்பதைத் திரியாய் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாற்றுக் கருத்தினர் கூறுவன

நம் வழக்கை மறுப்போர் மூன்று காரணங்கள் கூறுவர். முதலாவது, வியப்பே அறிவின் தாய் என்பது. ஒப்புக்கொள்வோம், ஆனால் தாய்மை பிள்ளை பெற்ற பின்னரே வரும். துர்மலின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வியப்பைத் தந்துகொண்டிருந்தும் ஒரு சொட்டு அறிவும் பிறக்கவில்லை. "ஏன்" என்று ஒருவர் கேட்ட பின்னரே பிறந்தது. அன்றியும் துணுக்கு வியப்பை வளர்ப்பதுமில்லை. ஒரு வியப்பை அடுத்த வியப்பால் அழிக்கிறது. ஒரே பொருளைப் பார்த்து ஓராண்டு வியந்து நிற்க அது யாரையும் விடுவதில்லை.

இரண்டாவது, பொதுமக்களுக்கு எளிய நடையில் விஞ்ஞானம் சொல்வது தொண்டன்றோ என்பது. தொண்டே, ஐயமில்லை. ஆனால் எளிமை என்பது காரணத்தை விட்டுவிடுவதா? 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் இரண வைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாக வெளிவர உழைத்தார். அவர் மாணவர்க்கு உடலின் விந்தைகளைச் சொல்லிப் பொழுதுபோக்கவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்து நோயறியத் தமிழிலே பயிற்றினார். எளிமைக்கும் ஆழத்துக்கும் பகையில்லை என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் மெய்ப்பித்த பின்னர், துணுக்கைத் தொண்டென்று கூறுவது நாணத்தக்கது.

மூன்றாவது காரணம் கனமானது. போரும் இடப்பெயர்வும் கண்ட மக்களிடம் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமா என்பது. திரியாய் மக்கள் 1985 இல் ஊரை இழந்து இடம்பெயர்ந்தனர். வீடும் வயலும் பாடசாலையும் பல்லாண்டுகள் பாழ்பட்டன. தன் கரையில் நிற்க முடியாதவன் அக்கரை மணலை எவ்வாறு ஆராய்வான்? இதனை மறுக்க எவருக்கும் மனம் வராது. நாம் கேட்பது அம்மக்களை அன்று. அவர்கள் பெயரால் பல்கலைக்கழகத்தினுள் அமர்ந்திருக்கும் நம்மையே. ஊருக்குத் திரும்பியவனின் பிள்ளைக்கு அவன் ஊரின் மண்ணையும் நீரையும் பற்றிய அறிவைத் தேடித் தரும் கடமை யாருடையது? இழந்தவற்றுள் மீட்கக்கூடியது ஒன்று உண்டெனில் அது தன் நிலத்தைத் தானே அறியும் உரிமையாகும். அதனைத் துணுக்குகளுக்கு விற்றுவிடலாகாது.

கரையில் நின்று வேடிக்கை பார்த்தல்

இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னரே ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. அவ்விரண்டு மணித்தியாலங்களும் நமக்குப் பயன்படவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இந்து சமுத்திரத்தின் பல கரைகளிலே கடல் பின்வாங்கியதும், கடலின் அடி தெரிவதைக் காண மக்கள் விரைந்து சென்றனர். அது வியப்பான காட்சிதான். வியப்பே அவர்களை அலையின் வாய்க்குள் இட்டுச் சென்றது. தாய்லாந்தின் புக்கெற் தீவிலே பத்து வயதான ஆங்கிலச் சிறுமி ஒருத்தி அதே கடலைப் பார்த்தாள். இரண்டு கிழமைகளுக்கு முன்னர் புவியியல் வகுப்பிற் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. அவள் எச்சரித்ததனால் அக்கடற்கரையிலிருந்தோர் விலகித் தப்பினர். அவள் அறிந்தது பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம். எனினும் கடலின் ஒரு நிலை அடுத்து எதனைக் கொணரும் என்னும் காரண காரியத் தொடர்பை அப்பக்கம் அவளுக்குக் கற்பித்திருந்தது.

உலகிலே மிக ஆழமான கடற்குழி எது என்று கேட்டால் நம் மாணவர் பலரும் விடை கூறுவர். தன் ஊர்க் கடல் எந்நேரத்தில் எவ்வளவு ஏறி இறங்கும் எனக் கேட்டால் மீனவரே விடை கூறுவர். இவ்விரண்டு விடைகளுள் உயிரைக் காப்பது எது என்பதை இனியும் விளக்க வேண்டுமா?

செய்யத்தக்கவை

குறை கூறி அமைதல் எளிது. ஆதலின் செய்யத்தக்கவற்றையும் கூறி முடிப்போம்.

முதலாவதாக, பல்கலைக்கழகத் தமிழ் மலர்கள் துணுக்குப் பக்கங்களை நிறுத்துக. ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுவோர் யார், எங்கு, எப்பொழுது, எவ்வாறு, எவ்வளவு, மறுப்பு யாது என்னும் ஆறு கேள்விகளுக்கும் விடை தந்தே எழுதுக. எடுத்துக்காட்டாக, தைத்தேனியம் ஈரொட்சைட்டை உணவிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடை செய்தது. அதனை "பற்பசையில் நஞ்சு" என எழுதுவது துணுக்கு. உண்பதற்கும் பூசுவதற்கும் உள்ள வேறுபாடு, துகளின் பருமன், பிற நாடுகள் வேறு முடிவெடுத்த காரணம் ஆகியவற்றை எழுதுவது விஞ்ஞானம். பின்னையதை எழுதத் தமிழிற் சொல் இல்லை என்று யாரும் கூற வேண்டா. நம் பாடசாலைகள் தலைமுறைகளாகத் தமிழிலேயே விஞ்ஞானம் கற்பித்து வந்துள்ளன, சொற்றொகுதிகள் உள, இல்லாதது பயன்படுத்தும் மனமே.

இரண்டாவதாக, விஞ்ஞான மாணவரும் தமிழ் மாணவரும் கூடி ஆண்டுக்கு ஓர் ஊரை எடுத்து ஆராய்க. திரியாயை முதலூராகக் கொள்ளலாம். பழைய கணினியின் வன்தட்டிலுள்ள வலிய காந்தமும் ஒரு தராசும் இருந்தாற்கூட மணலின் எத்தனை பங்கு காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது என அளக்கலாம். அக்காந்தத்திலுள்ள நியோடைமியம் என்னும் மூலகம் மொனசைற்றிலும் உண்டு என்பதை அறியும் மாணவன், தன் கையிலுள்ள கருவிக்கும் கரையிலுள்ள மணலுக்கும் இடையிலான தொடர்பைத் தானே கண்டுகொள்வான். கரையின் அகலத்தை மாதந்தோறும் ஒரே இடத்தில் அளந்து பத்தாண்டுகள் பதிவு செய்தால், அள்ளப்படும் மணலுக்குக் கடல் மீளத் தரும் மணல் ஈடாகிறதா என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும். அவ்விடை மீனவருக்கும் விவசாயிக்கும் அரசுக்கும் ஒருங்கே வேண்டியது. அளவை கையில் இல்லாத மக்கள் முறையிடலாம், வாதிட முடியாது.

மூன்றாவதாக, விரிவுரையாளருக்கு ஒன்று. வெளிநாட்டு ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே பதவி உயர்வுக்கு வழி என்பதை நாம் அறிவோம். அதனைக் கைவிடுமாறு கேட்கவில்லை. எந்த ஊரின் மண்ணையும் நீரையும் ஆராய்ந்து அக்கட்டுரை எழுதப்பட்டதோ, அந்த ஊருக்கு அதன் முடிவைத் தமிழிலே நான்கு பக்கத்திற் கொடுத்துவிட்டுச் செல்க. மாதிரியை எடுத்துச் சென்று முடிவைத் தராமல் விடுவது ஒல்லாந்த வணிகன் செய்ததே. அதனைச் செய்பவர் தமிழராயினும் அதன் பெயர் மாறாது.

உலகத்துப் புதுமைகளை அறிய வேண்டா என்று எவரும் இதற்குப் பொருள்கொள்ளற்க. மனக்கன் மணலை அறிந்தவனே திரியாய் மணலின் பெருமையை அறிவான் என்பது மேலே கண்டதே. அயலுலகச் செய்தி நம்மை நம் கரைக்குக் கேள்வியோடு அனுப்புமாயின் அது வரவேற்கத்தக்கது. கரையை மறந்து திரையிலே விழியூன்றி நிற்கச் செய்யுமாயின் தள்ளத்தக்கது. இவ்வளவுகோலால் ஒவ்வொரு செய்தியையும் அளந்து கொள்வதும் தள்ளுவதும் கற்றோர் கடன். அடுத்த ஆண்டு மலரில் "விஞ்ஞான விந்தைகள்" என்னும் பக்கத்துக்குப் பதிலாக, மாணவர் தம் கையால் அளந்த ஓர் அட்டவணை வெளிவருமாயின், அது ஐந்தே வரிகளாயினும், தமிழில் விஞ்ஞானம் வளர்ந்துள்ளது என்று நாமும் கூறுவோம்.